ந.க. எண்ணும் ஹெல்மெட் கேமராவும்

ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஹெல்மெட் கேமராவில் பிடித்துக்கொண்டு வராத பையன் வேலூர், ஆம்பூர் பக்கம் இப்போது குறைவு. போகிற வழியில் பாலாற்றுப் பாலங்கள், தோல் ஷெட்டுகள், பிரியாணிக் கடைகள் எல்லாம் பதிவாகிவிடும். என் பேரனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவன் கம்ப்யூட்டரில் கிடக்கும் பெயர்களைப் பார்த்தேன்: 'ஆம்பூர் நியூ', 'ஆம்பூர் நியூ 2', 'பாலாறு ஃபைனல்'. மீதி எல்லாம் கேமரா வைத்த பெயர். ஜி.எக்ஸ்.010045 என்பது போல.

இந்தப் பெயர் வைக்கும் தொல்லை கம்ப்யூட்டரோடு வந்தது இல்லை. அதற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அதில் ஒரு சிறு பகுதியில் நானும் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கேமராவின் கதை. 1970-களில் வந்த சி.பி.எம். என்ற கம்ப்யூட்டர் முறையில் ஒரு ஃபைலின் பெயருக்கு எட்டு எழுத்து, வகையைச் சொல்ல மூன்று எழுத்து, அவ்வளவுதான் இடம். 1981-ல் வந்த டாஸ் அதையே எடுத்துக்கொண்டது. விண்டோஸ் 95 வந்த பிறகுதான் நீளப் பெயர் சாதாரணமாயிற்று. ஆனால் 1998-ல் ஜெய்டா என்ற ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு டிஜிட்டல் கேமராக்களுக்குப் பொது விதி எழுதியபோது அந்தப் பழைய எட்டு எழுத்தையே வைத்தது. நான்கு எழுத்து, நான்கு எண். 0001 முதல் 9999 வரை. கேமரா கார்டைத் திறந்தால் தெரியும் 'டி.சி.ஐ.எம்.' என்ற ஃபோல்டரும் அந்த விதிப்படி வந்ததுதான்.

கோப்ரோ கேமராவில் முதல் இரண்டு எழுத்து வீடியோ வகை. அடுத்த 01 பாகம். கடைசி 0045 பதிவின் எண். பழைய ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. அதனால் நீளமான பதிவைத் துண்டு போடும் வழக்கம் வந்தது. சிக்கல் எங்கே என்றால், பாகம் முன்னே, பதிவு எண் பின்னே. பெயர் வரிசையில் அடுக்கினால் 45-ஆம் பதிவின் இரண்டாம் பாகம், 46-ஆம் பதிவுக்குப் பின்னால் போய் உட்காரும். பாலத்தில் ஏறிய வண்டி இறங்குவதற்குள் வாணியம்பாடி வந்துவிடும்!

இனி நம் ஆபீஸ் கதை. மதராஸ் மாகாணக் கலெக்டர் அலுவலகங்களில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் ஒரு முறை வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அதுதான். ஒரு தபால் வந்தால் வரவு முத்திரை, பிறகு எண். அந்த எண் என் இருக்கையின் தன்பதிவேட்டில் ஏறும். 'ந.க.எண். அ3/1245/1978' என்றால் அ பிரிவு, மூன்றாவது இருக்கை, 1245-ஆவது தபால், 1978-ஆம் வருடம். ஜனவரி பிறந்தால் எண் மறுபடி ஒன்றிலிருந்து. அதனால் வருடம் இல்லாத எண் செல்லாக்காசு.

கவனியுங்கள், அந்த எண்ணில் ஊரும் இல்லை, விஷயமும் இல்லை. அவை பதிவேட்டில் இருக்கும். காரணம் அனுபவம். ஊரும் விஷயமும் மாறும். வந்த வருடமும் வரிசையும் மாறாது.

ஆம்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989-ல் மாவட்டம் பிரிந்து வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆயிற்று. 1990-களிலேயே அது வேலூர் மாவட்டம் என்று மாறியது. 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகி, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 'வேலூர் மாவட்டம் ஆம்பூர்' என்று 2018-ல் பெயர் வைத்த வீடியோவை இன்று எந்த ஃபோல்டரில் தேடுவது?

இதே தோல் பகுதியில் இன்னொரு எண் இருக்கிறது. பாலாற்று மாசு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனு: 1991-ஆம் ஆண்டின் 914. தீர்ப்பு 28-8-1996 அன்று வந்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது அதில்தான். 30-1-2025 அன்றும் பாலாற்றின் மாசு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதற்குள் மாவட்டம் எத்தனை பெயர் மாறிவிட்டது! 914/1991 மாறவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே 'ஃபோன்' என்று ஒரு சொல் உண்டு. டெலிபோன் இல்லை, ஒரே இடத்திலிருந்து வந்த ஆவணத் தொகுதி என்று பொருள். புரட்சிக்குப் பிறகு பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் பல அலுவலகங்களின் தாள்களைக் கலந்து விஷயவாரியாகப் பிரித்தார்கள். எது யாருடையது என்ற தடம் பல இடங்களில் அழிந்தது. 24-4-1841 அன்று உள்துறை அமைச்சகம் மாவட்டக் காப்பகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதன் பின்னே இருந்தவர் நதாலீஸ் தெ வாய். ஒரே இடத்திலிருந்து வந்தவை ஒன்றாகவே இருக்கட்டும் என்பதே சாரம். இன்று உலகெங்கும் ஆவணக் காப்பாளர்கள் முதலில் படிக்கும் பாடம் அது.

இவற்றைச் சேர்த்தால் ஹெல்மெட் கேமராவுக்கு வழி கிடைக்கிறது. ஒரு நாள், ஒரு கேமரா, ஒரு ஃபோல்டர். இரண்டு நண்பர்களின் கார்டைக் கலக்காதே. பெயரில் முதலில் வருடம், மாதம், நாள். 1988-ல் வந்த சர்வதேசத் தேதி முறையும் இதே வரிசைதான்; எழுத்து வரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும். பிறகு கேமரா, பதிவு எண், அதன் பின்னே பாகம்: '2021-11-20_கே1_0045_01'. ஊர், பாலம், கிராமம், என்ன தெரிகிறது என்பதெல்லாம் ஒரு நோட்டிலோ எக்செலிலோ இருக்கட்டும். கேமரா தேதியைப் புறப்படும் முன் பார். பேட்டரி தீர்ந்து நாளானால் சிலவற்றில் அது பழைய வருடத்துக்குப் போய்விடும்.

டாட்டன்ஹாம் முறையில் இன்னொரு நல்ல விஷயம், கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதுவது. ஓ.மு. ஒரு வருடம், மூ.மு. மூன்று வருடம், ப.மு. பத்து வருடம், நி.மு. நிரந்தரம். பதிவறை எழுத்தர் அதைப் பார்த்துத்தான் கட்டுகளை அழிப்பார். வீடியோவுக்கும் இது பொருந்தும். பிரியாணிக் கடை ஓ.மு. கொண்டை ஊசி வளைவு மூ.மு. போதும்.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டுப் பெருவெள்ளமாக ஓடியது. அதை எத்தனை ஹெல்மெட்டுகள் பார்த்திருக்கும்! ஆற்றின் நிறம், கரையின் உயரம், எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறியது, இவையெல்லாம் நாளைக்கு ஒரு விவசாயி நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய கேள்விகள். 'பாலாறு ஃபைனல்' அதற்குப் பதில் சொல்லாது. தேதியும் இடமும் சரியாக எழுதிய பதிவு சொல்லும். அப்படி ஒன்று உங்கள் வீட்டுப் பையனிடம் இருந்தால், அதற்கு நி.மு. போட்டு, இரண்டு டிஸ்க்கில் வைக்கச் சொல்லுங்கள்.