நிறம் பார்க்காத பள்ளிக்கூடம்

கறுப்புக் குழந்தைக்குக் கணக்குப் பாடம் எதற்கு?

இப்படிக் கேட்டவர் ஏதோ திண்ணையில் உட்கார்ந்து வம்பளந்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தென் ஆப்பிரிக்க அமைச்சர் வெர்வோர்ட். பின்னாளில் பிரதமராகவே ஆனவர். கேட்டதோடு நிற்கவில்லை மனிதர். 1953-ல் பான்டு கல்விச் சட்டம் வந்தது. கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனிப் பாடம். கூலி வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு படித்தால் போதும்!

ஜோஹானஸ்பர்க்கில் செயின்ட் பீட்டர்ஸ் என்று கறுப்பு மாணவர்களுக்கு ஒரு நல்ல பள்ளி இருந்தது. மண்டேலாவின் தோழர் ஆலிவர் டாம்போ படித்த பள்ளி. பிறகு அங்கேயே அவர் கணக்கு வாத்தியார். வெர்வோர்டுக்கு இதைவிடச் சரியான பதில் இருக்க முடியுமா? ஆனால் புதிய சட்டத்துக்குத் தலையாட்ட மனமில்லாமல் 1956-ல் பள்ளியையே மூடிவிட்டார்கள். அதே இடத்தில் வெள்ளையர் பள்ளி ஒன்று முளைத்தது. அதன் தலைமை ஆசிரியர் மைக்கேல் ஸ்டெர்ன் என்கிற ஆங்கிலேயர்.

வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் சொல்லித்தர அவருக்கு மனசு ஒப்பவில்லை. எதிர்த்து நின்றால் ஜெயில். சரி, அந்தச் சட்டம் செல்லாத இடத்துக்குப் போய்விட்டால்?

பக்கத்திலேயே இருந்தது ஸ்வாஸிலாந்து. இன்றைய எஸ்வாட்டினி. அன்றைக்கு பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த குட்டி ராஜ்ஜியம். தலைநகர் ம்பாபனேக்கு மேலே, மலையில், 1963-ல் வாட்டர்ஃபோர்ட் பள்ளியைத் தொடங்கினார் ஸ்டெர்ன். மொத்தமே 16 பையன்கள். எந்த நிறம், எந்த இனம் என்று யாரையும் கேட்கவில்லை. 1967-ல் மன்னர் சோபுசா ஒரு பெயர் வைத்தார்: கம்லாபா. 'உலகத்துக்குச் சொந்தமானது' என்று வைத்துக்கொள்ளுங்கள். 1969-ல் பெண்களும் சேர்ந்தார்கள். டூட்டூவின் பிள்ளைகள் படித்தார்கள். மண்டேலாவின் பெண்கள் ஜெனானியும் ஜிண்ட்ஸியும் படித்தார்கள்.

1981-ல் யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ் அமைப்பில் சேர்ந்து, இன்றும் பள்ளி நடக்கிறது. விடுதி உண்டு, ஊர்ப் பிள்ளைகள் தினம் வந்துபோகலாம். ஐ.பி. பாடத்திட்டம். நம்ம ஊரிலும் இண்டர்நேஷனல் ஸ்கூல் பிராஸ்பெக்டஸில் இதெல்லாம் பார்த்திருப்பீர்கள். பிராஸ்பெக்டஸில் வராத ஒன்று சொல்லட்டுமா?

ஸ்வாஸிலாந்தில் படித்த காலத்தில்தான் மன்னரின் மகனை ஜெனானி சந்தித்தார். கல்யாணமும் ஆனது. அரச குடும்பம் என்பதால் தூதரகச் சலுகை. 1978-ல் கைக்குழந்தையோடு ராபன் தீவுச் சிறைக்கு வந்தபோது, வழக்கமான கண்ணாடித் தடுப்பு இல்லை. குழந்தைப் பருவத்துக்குப் பிறகு தொட்டறியாத மகளை மண்டேலா கட்டிக்கொண்டார். பேத்தியைக் கையில் வாங்கியவர், கடைசிவரை கீழே விடவே இல்லை.

தாத்தா பேத்திக்கு வைத்த பெயர் ஜாஸிவே. அர்த்தம், நம்பிக்கை.