தாபோல்கர் கொலை வழக்கு: சுட்டவர்கள் சிக்கினார்கள்... சுடச் சொன்னது யார்?

'லிம்போ' மாதிரி மெதுவாக நகரும் க்ரைம் படங்கள் உங்களுக்குப் பிடிக்குமா? ஆஸ்திரேலியாவின் வறண்ட ஊர் ஒன்றில், 20 வருடப் பழைய வழக்கை ஒரு டிடெக்டிவ் தூசி தட்டும் கதை அது. புனேவிலும் ஆமை வேகத்தில் நகர்ந்த ஒரு வழக்கு இருக்கு. ஆனா, இது நிஜம்.

என்ன நடந்தது?

2013 ஆகஸ்ட் 20 காலை, ஓம்காரேஷ்வர் பாலத்தில் வாக்கிங் போன டாக்டர் நரேந்திர தாபோல்கரை, பைக்கில் வந்த இருவர் சுட்டுக் கொன்றனர். மூடநம்பிக்கைக்கு எதிரான சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடியவர் அவர். கொலை நடந்த சில நாட்களிலேயே மகாராஷ்டிர அரசு அதை அவசரச் சட்டமாக்கியது.

ஏன் இவ்வளவு லேட்?

2014-ல் மும்பை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ-க்கு மாற்றியது. சுட்ட இருவரும் சிக்கியது 2018-ல்தான். அதுவும், வேறொரு ஆயுத வழக்கில் மகாராஷ்டிர ஏடிஎஸ் நடத்திய கைதுகளால்! குற்றச்சாட்டுப் பதிவானது 2021-ல்.

கேஸ் முடிஞ்சுதா?

2024 மே 10-ல் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, மூவர் விடுதலையானார்கள். ஆனால், 'கொலையின் மூளை வேறு யாரோ. அவரைக் கண்டுபிடிக்க புனே போலீஸும் சிபிஐ-யும் தவறிவிட்டன' என்ற கருத்தைத் தீர்ப்பே பதிவு செய்தது.

நமக்கு ஏன் முக்கியம்?

சுட்டவர்கள் பிடிபடாத அந்த ஐந்து ஆண்டுகளில் கோவிந்த் பன்சாரே, எம்.எம்.கல்புர்கி, கௌரி லங்கேஷ் ஆகியோரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். நான்கு கொலைகளுக்கும் தொடர்பு இருப்பதாக விசாரணை அமைப்புகளே சொல்கின்றன. படம் மெதுவாகப் போனால் ரசிக்கலாம். விசாரணை?