ஐடிஐ, அரசுக் கல்லூரி, நீட்... எதுக்கு எத்தனை வயசு வரை சேரலாம்? தென்காசி மாவட்டத்தினருக்கு முழு விளக்கம்

"இந்த வயசுல போய் படிக்கவா?" தென்காசி, ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திட்டு பீடித்தட்டை மடியில் எடுத்த பெண்கள் பலர் இன்று முப்பது, நாற்பதைக் கடந்துட்டாங்க. இவங்க இனி அரசு செலவில் படிக்க முடியுமா? முடியும். ஆனா எல்லா படிப்புக்கும் ஒரே வயது வரம்பு கிடையாது.

பெண்களுக்கு வரம்பே இல்லாத இடம்

தமிழ்நாட்டு அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில், அதாவது ஐடிஐ-களில், சேர 14 வயது முடிந்திருக்க வேண்டும். ஆண்களுக்கு மேல் வரம்பு 40. பெண்களுக்கு மேல் வரம்பே கிடையாது. இந்த ஒரு வரி பலருக்கும் தெரியாமல் இருப்பதுதான் வருத்தம். 45 வயது அம்மாவும் 18 வயது மகளும் ஒரே வருஷம் விண்ணப்பிக்கலாம், விதியில் தடை இல்லை.

எட்டாவது பாஸ் என்றால் வெல்டர், வயர்மேன், தையல் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகள். பத்தாவது பாஸ் என்றால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என வாய்ப்பு கூடும். அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. சீருடை, காலணி, பஸ் பாஸ் தனி. மாவட்டத்தில் தென்காசி, வீரகேரளம்புதூரில் அரசு ஐடிஐ இருக்கு.

கல்லூரின்னா கணக்கு வேற

சுரண்டை காமராஜர் அரசுக் கல்லூரி மாதிரி அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலை முதலாண்டில் சேர பொதுவாக 21 வயது வரம்பு, சில பிரிவினருக்கு சில ஆண்டுகள் தளர்வு. பிளஸ் டூ முடிச்சு நாலைந்து வருஷம் வேலைக்குப் போயிட்டு திரும்ப வர்றவங்க இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மருத்துவம் இதற்கு நேர் எதிர். நீட் எழுத, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிய வேண்டும். பொதுப்பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 30 என்றிருந்த மேல் வரம்பை 2022-ல் நீக்கிட்டாங்க.

கல்லூரி வயசு தாண்டியவர்களுக்கு 2002-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கு. ஒரு எச்சரிக்கை: பத்தாவது, பிளஸ் டூ முடிக்காமல் நேரடியாகப் பெற்ற பட்டத்தை மாநில அரசு வேலைக்கு ஏற்கமாட்டாங்க. 2009-லேயே அரசாணை வந்தாச்சு. அரசு வேலைதான் இலக்கு என்றால் முதலில் தனித்தேர்வராக பத்தாவது, பிளஸ் டூ எழுதுங்க.

உதவித்தொகையில் வயசு பார்ப்பாங்களா?

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டிலும் முதல் கேள்வி, எந்தப் பள்ளியில் படிச்சீங்க என்பதுதான். அஞ்சல் வழியில் படிச்சால் கிடையாது.

பீடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை கல்வி உதவித்தொகை தருது. இது பிள்ளைகளுக்கு மட்டும்தான். பீடி சுற்றும் அம்மாவே படிக்கப் போனால், தொழிலாளி என்ற பெயரில் இதைக் கேட்க முடியாது. இந்த இடத்தில் திட்டம் மாற வேண்டும் என்பது நம் கருத்து.

சீசனும் விண்ணப்பமும்

குற்றாலத்தில் இன்னொரு சிக்கல். சாரல் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஐடிஐ, கல்லூரி சேர்க்கையும் அதே மாதங்களில்தான். அருவிக்கரையில் கடை போடுறவங்க, லாட்ஜில் வேலை பார்க்கிறவங்க தேதியைத் தவறவிடுவது சுலபம். 39 வயது ஆணுக்கு ஒரு சீசன் போனால் அடுத்த வருஷம் வாசலே மூடிவிடலாம். கலந்தாய்வுக்குப் பிறகு காலி இடங்களுக்கு அரசு ஐடிஐ-களில் நேரடி சேர்க்கை நடக்கும், சீசன் வேலைக்காரர்கள் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

போகும்போது பள்ளிச் சான்றிதழை எடுத்துட்டுப் போங்க. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாக ஜூன் மாசம் போட்ட பிறந்த தேதி பலருக்கு உண்டு. சேர்க்கையில் வயசைக் கணக்கிடுவது அந்தத் தேதியை வைத்துத்தான். ஆதாரில் வேறு தேதி இருந்தால், விண்ணப்பம் போடும் முன்பே சரிசெய்துவிடுங்க.