கைகாட்டியும் பூட்டும்: இயங்குதளக் கருனியில் பகிர்தரவுக் காப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்
ஒரே தரவைப் பல செயல்முறைகள் ஒருங்கே அணுகுவதால் விளையும் பிழைகளைத் தடுக்கும் பூட்டுமுறைகளின் வளர்ச்சியை, ஆரம்பாக்கம் வழிச் செல்லும் இருப்புப்பாதையின் இயக்க ஒழுங்கோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ‘பூட்டு’ என்னும் தமிழ்ச்சொல் இக்கருத்தை எந்த அளவுக்கு உணர்த்துகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கருனி, கைகாட்டி, பூட்டு, டோக்கன், ஒருங்கணுகல்.

முன்னுரை
கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, எளாவூரை அடுத்து, தமிழக எல்லையோரம் அமைந்தது ஆரம்பாக்கம் தொடர்வண்டி நிலையம். அதற்கு அடுத்த தடா ஆந்திரத்தில் உள்ளது. சென்னை–கூடூர் பாதையின் விரைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் இவ்வழியே செல்கின்றன. இந்திய இரயில்வேயின் முழுமைப் பிளாக் முறைப்படி, இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பிளாக் பகுதியில் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே இருக்கலாம். எதிர்நிலையம் ‘லைன் கிளியர்’ அளித்த பின்னரே வண்டி விடப்படும். ஒற்றைத் தடப் பாதைகளில் இவ்வுரிமை கைப்பொருளாகவே வழங்கப்பட்டது. நீல் கருவியிலிருந்து எடுத்த உருண்டை டோக்கனைப் பெற்ற ஓட்டுநரே பகுதிக்குள் நுழைவார். அது வெளியே இருக்கும்வரை இரு முனைக் கருவிகளும் மற்றொன்றைத் தாரா.

கணினிக்குள் கைகாட்டி
எண்ணிக்கை ஒன்று 7 என நினைவகத்தில் உள்ளதாகக் கொள்வோம். இரு செயல்முறைகள் அதனை ஒரே வேளையில் படித்து, ஒன்று கூட்டி எழுதினால், 9 வரவேண்டிய இடத்தில் 8 நிற்கும். இச்சிக்கலுக்கு நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960-களில் தீர்வு கண்டார். 1965-இல் எழுதிய கட்டுரையில், காத்திருத்தல், விடுவித்தல் என்னும் இரு செயல்களைக் கொண்ட அமைப்பை விளக்கினார். அதற்கு அவர் இட்ட ‘செமஃபோர்’ என்னும் பெயர் இருப்புப்பாதையின் கைகாட்டியைக் குறிப்பது.

பெரும்பூட்டும் நுண்பூட்டும்
1996-இல் வெளிவந்த லினக்ஸ் 2.0 கருனி, பல செயலிகள் கொண்ட கணினிகளில் இயங்கத் தொடங்கியது. அதில் ‘பெரும் கருனிப் பூட்டு’ ஒன்றே காவல். ஒரு நேரத்தில் ஒரு செயலியே கருனிக்குள் நுழையலாம். சென்னை முதல் கூடூர் வரை முழுவதையும் ஒரே பிளாக் பகுதியாக்குவதற்கு இது ஒப்பாகும். பாதுகாப்பு உண்டு, விரைவு இல்லை. எனவே, தரவமைப்புதோறும் தனித்தனி நுண்பூட்டுகள் படிப்படியாக இடப்பட்டன. 2011-இல் வந்த 2.6.39 பதிப்பில்தான் பெரும்பூட்டு முற்றிலும் நீங்கியது.

நுண்பூட்டுகள் புதிய இடர் ஒன்றைக் கொணர்ந்தன. ஒருவர் வைத்துள்ள பூட்டுக்கு மற்றவர் காத்திருக்க, இருவரும் நகரமுடியாத முடக்கம் ஏற்படலாம். பூட்டுகளை எங்கும் ஒரே வரிசையில் பெறுவதே இதற்கு மருந்து. அவ்வரிசை மீறப்படுகிறதா என்று கண்காணிக்கும் கருவியை இங்கோ மோல்னார் 2006-இல் கருனியில் சேர்த்தார்.

பூட்டற்ற வாசிப்பு
அடிக்கடி படிக்கப்பட்டு, அரிதாகவே மாற்றப்படும் தரவுக்குப் பூட்டு வீண்சுமை. பால் மெக்கென்னி முதலியோர் வளர்த்த ‘வாசி–படியெடு–புதுப்பி’ முறையில் வாசிப்பவர் பூட்டின்றியே படிப்பர். மாற்றுபவர் ஒரு படியெடுத்துத் திருத்தி, சுட்டைப் புதிய படிக்கு மாற்றுவார். பழையதை வாசித்துக்கொண்டிருப்போர் அனைவரும் முடித்த பின்னரே அது அழிக்கப்படும். புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வந்தபின்னும், முன்பே புறப்பட்ட வண்டிகள் பழையதன்படியே சென்று சேர்வது போன்றது இது. 2001-இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் இம்முறையை விளக்கிய கட்டுரையின் ஆசிரியர்களுள் ஐபிஎம் நிறுவனத்தின் பெங்களூருப் பொறியாளர்களான தீபங்கர் சர்மா, மனீஷ் சோனி ஆகியோரும் அடங்குவர். 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்பில் இது லினக்ஸில் இடம்பெற்றது.

சொல்லும் பொருளும்
வீட்டுப் பூட்டு கதவைத் தடுக்கிறது. சாவியில்லாதவர் நுழைய இயலாது. கருனிப் பூட்டோ தரவைத் தானே தடுப்பதில்லை. அதனைக் கேளாது நுழையும் நிரல் தரவை எளிதில் கெடுத்துவிடும். எல்லா நிரலரும் ஒப்புக்கொண்டு கடைப்பிடிக்கும் ஒழுங்கே அங்குக் காவல். இந்நோக்கில், நின்று செல்லவேண்டியதை அறிவிக்கும் ‘கைகாட்டி’ என்னும் சொல்லே பொருளுக்கு நெருக்கமானது. அச்சொல்லும் சிவப்பைக் கண்டு நிற்கும் ஓட்டுநரை நம்பியே பொருள் தருகிறது.

முடிவுரை
பெரும்பூட்டு, நுண்பூட்டு, பூட்டற்ற வாசிப்பு என இவ்வரலாறு காவலைக் குறைத்துக்கொண்டே வந்ததுபோலத் தோன்றும். உண்மையில் காவல் குறையவில்லை. அதன் பொறுப்பு பூட்டிலிருந்து நிரலரின் ஒழுங்குக்கு மேலும் மேலும் இடம்பெயர்ந்தது. ‘பூட்டு’ என்னும் சொல் தமிழில் நிலைத்துவிட்டது. எனினும், கருனியியலைத் தமிழில் கற்பிப்போர் அதனைக் கைகாட்டியோடும் டோக்கனோடும் சேர்த்து விளக்கின், கருத்துத் தெளிவுறும்.