நீரிழிவு: எட்டக்கூடிய இலக்குகளை வகுத்தல்

நீரிழிவு கண்டறியப்பட்டவுடன் "இனி இனிப்பைத் தொடவே மாட்டேன்" என உறுதி கொள்வோர் பலர். விலக்குதலை மட்டுமே கொண்ட இலக்கு, ஒரு நாள் தவறினாலும் தோல்வியாகத் தோன்றும். அச்சோர்வில் சிலர் மாத்திரைகளையும் பரிசோதனையையும் கைவிடுகின்றனர். ஆகவே, செய்யக்கூடியவற்றை இலக்காகக் கொள்ளுங்கள்.

• உடற்பயிற்சி: வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இரவு உணவுக்குப் பின் 10 நிமிட நடையில் தொடங்கி, வாரத்தில் 5 நாள்களுக்கு 30 நிமிடம் எனப் படிப்படியாக உயர்த்தலாம்.

• உணவு: தட்டில் பாதியளவு காய்கறி, கீரை, கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி, கால் பங்கு பயறு, முட்டை அல்லது மீன். கிழங்கு வகைகளைக் காய்கறிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

• மதிப்பீடு: எச்பிஏ1சி பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும். ஒரு நாளைய தவறு மூன்று மாத முயற்சியை அழித்துவிடாது, மறுநாள் தொடருங்கள்.

கவனிக்க: சர்க்கரை அளவு சீரடைந்தாலும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது. மருந்து எடுத்துக்கொள்வோருக்கு நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். அப்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே அருந்த வேண்டும். அந்நேரத்தில் அது விதிமீறலன்று, சிகிச்சையாகும்.