ஆழம் இறங்கி வரும் ஏரிகள்

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி 281 மீட்டர் வரை ஆழம் உள்ளது. 1966இல் அதன் நீரில் விடப்பட்ட கோஹோ சால்மன், கோடையில் மேல்தண்ணீர் சூடேறினால் குளிர்ந்த அடுக்கைத் தேடிக் கீழே போய்விடும். படகை ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டில் இழுப்பவர்கள் அதனால்தான் உள்ளே ஈயம் வைத்த கயிறு, தூண்டிலை நீருக்குள் அமுக்கும் வட்டத் தகடு, கனத்த குண்டு தொங்கும் டவுன்ரிக்கர் என்று தேடித் தேர்ந்தார்கள். ஈயக் கயிறு பத்து கஜத்துக்கு ஒருமுறை நிறம் மாறும். நிறங்களை எண்ணித் தூண்டிலின் ஆழத்தைக் கணிப்பார்கள். சித்தூர், திருப்பதி வட்டார ஏரிகளில் இப்படியொரு கலை வளரவில்லை. இதைத் தொழிலறிவின் குறை என்று கருத எனக்கு மனம் ஒப்பவில்லை. இங்கே தண்ணீரின் இயல்பும் மீன்மேல் இருந்த உரிமையும் வேறு கருவிகளைக் கேட்டன.

சுவர்ணமுகி, ஆரணியாறு, பொன்னையாறு எல்லாமே மழையை நம்பிய ஆறுகள். ஏரியோ கரை கட்டித் தேக்கிய ஆழமற்ற நீர். மதகு திறந்து வயலுக்குப் பாயப் பாய நீர்மட்டம் இறங்கும். கோடையில் பல ஏரிகள் குட்டைகளாகச் சுருங்கிவிடும். மீனைத் தேடி ஆழத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, ஆழமே மீனவரை நோக்கி இறங்கி வருகிறது. ஆகவே இங்கே தேர்ச்சி என்பது காலம் அறிவது. கலங்கல் வழியும் நாளில் ஓட்டத்துக்கு எதிரே பறி வைப்பார்கள். நீர் தணிந்தால் வீச்சுவலை. முழங்கால் அளவு வந்ததும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊத்தா எனப்படும் அடியில்லாத கூடையால் கவிழ்த்து, மேலே கையை விட்டு விராலைப் பிடிப்பார்கள்.

உரிமையும் இதே திசையில்தான் தள்ளியது. சோழர் காலத்தில் இந்நிலம் தொண்டைமண்டலத்தைச் சேர்ந்தது. அக்காலக் கல்வெட்டுகளில் ஏரிமீன் குத்தகையைக் குறிக்கும் பாசிப்பாட்டம் என்ற வருவாய் வருகிறது; அதை ஏரியின் பராமரிப்புக்கே ஒதுக்கிய ஊர்களும் உண்டு. விஜயநகரக் காலத்தில் திருமலைக் கோயிலுக்கு வந்த பொற்காணிக்கைகளைக் கோயில் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டச் செலவிட்டு, கூடிய விளைச்சலிலிருந்து அமுது படைத்தார்கள். தண்ணீர் முதலில் பயிருக்கு. மீன் அதன் பிறகு. குத்தகை எடுத்தவர் நீர் வற்றுவதற்குள் மொத்த மீனையும் கரையேற்றியாக வேண்டும். ஒவ்வொன்றாகப் பிடிக்கும் தூண்டில் அந்தக் கணக்குக்கு எப்படி ஈடுகொடுக்கும்?

தூண்டில் சங்க காலத்திலேயே நம்மிடம் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஒரு வேளைக் குழம்புக்கு அது போதும். சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் ஏரித் தூண்டிலுக்கென்றே 1887இல் தனி நூல் எழுதினாரே என்பது இன்னொரு கேள்வி. ஏரிமீன் தூண்டிலில் சிக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அவர் எழுதியது பொழுதுபோக்கு வேட்டையை. குத்தகைப் பணம் கட்டியவரின் கவலை அதில் இல்லை.

வலுவான மறுப்பு அணைகளிலிருந்து வருகிறது. பிச்சாட்டூர் ஆரணியாறு அணை, திருப்பதி அருகே 1977இல் முடிந்த கல்யாணி அணை போன்றவை ஏரிகளைவிட ஆழமானவை. 1957இல் மீன்வள அறிவியலாளர் ஹிராலால் சௌத்ரி ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்ததிலிருந்து, நீர்த்தேக்கங்களில் விடக் குஞ்சுகள் தாராளமாகக் கிடைத்தன. அந்தக் கெண்டைகளில் கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடியிலும் மேய்வதால் ஆழம் இங்கேயும் கேள்வியாகிவிட்டது. அதற்கு விடை சொன்னது நைலான் செவுள்வலை: மிதவைக் கயிற்றை நீட்டி, அடிக்கயிற்றில் ஈயம் கூட்டினால் வலை வேண்டிய மட்டத்தில் நிற்கும். மிச்சிகனில் தகடும் குண்டும் செய்யும் வேலையை இங்கே மிதவையும் ஈயமும் செய்கின்றன, இரவு முழுக்க, ஆள் காவல் இல்லாமலே.