புலவர் சரித்திரம் பிறந்த கதை

புலவர் சரித்திரம் ஒன்றை இயற்றிய ஆசிரியர், அந்நூலைப் பற்றி ஊரவர் கூடிய அவையில் பேச எழுவாராயின், அவரை நோக்கி எழும் முதல் வினா ஒன்றுண்டு. ‘இவையெல்லாம் உண்மையில் நடந்தனவா?’ என்பதே அது. புலவர் வாழ்க்கையை எழுதப் புகுந்த எவரும் இவ்வினாவுக்குத் தப்பியதில்லை. தமிழில் இத்துறைக்கு வழி திறந்தவர்களுள் முன்னிற்பவர் ஈழத்தவர் ஒருவராதலின், அவர் இவ்வினாவை எங்ஙனம் எதிர்கொண்டார் என்று ஆராய்வது பொருத்தமாகும்.

பழந்தமிழ்ப் புலவர்கள் பிறர் புகழைப் பாடினார்களேயன்றித் தம் வரலாற்றை எழுதி வைத்தாரல்லர். நூலின் பாயிரத்தில் ஆசிரியர் பெயரும், ஊரும், ஆதரித்த வள்ளலின் பெயரும் வருவதுண்டு. நன்னூல் செய்த பவணந்தி முனிவரை ஆதரித்தவன் சீயகங்கன் என்பது அவ்வாறே தெரிய வருகின்றது. அதற்கு மேல் அறிய விரும்புவோர்க்குக் கிடைப்பன தனிப்பாடல்களும், அவற்றோடு ஒட்டி வழங்கிய கர்ணபரம்பரைக் கதைகளுமே. இக்கதைகளைத் திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் மாணாக்கர்க்குச் சொன்னார்கள். மாணாக்கர் தம் மாணாக்கர்க்குச் சொன்னார்கள். ஏடுகளையோ செல்லும் புழுவும் அரித்துக்கொண்டிருந்தன. சொல்லுவோர் மறைந்தால் கதையும் மறையும். ஏடு அழிந்தால் பாட்டும் அழியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழிலக்கியத்தின் நிலை இதுவே.

அக்காலத்தில் வாழ்ந்தவர் சைமன் காசிச்செட்டி. 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிற் பிறந்த இவர், அரசாங்க சேவையிற் சேர்ந்து முதலியார் பட்டம் பெற்றவர். 1834ஆம் ஆண்டில் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் விவரிக்கும் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் நூலை வெளியிட்டார். 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக நியமனம் பெற்றார். பிற்காலத்திற் சிலாபத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றினார். ஊர்களை வரிசைப்படுத்திய கையே பின்னர்ப் புலவர்களையும் வரிசைப்படுத்தியது. 1859ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அச்சாகி வெளிவந்த ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூல், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த ஏறக்குறைய 200 புலவர்களின் சரிதங்களைச் சுருக்கமாகக் கூறுவது.

இதற்கு முன்னரே, 1829இல், காவலி வேங்கட ராமசாமி என்பவர் தக்கணத்துக் கவிஞர்களைப் பற்றிக் கல்கத்தாவில் ஓர் ஆங்கில நூல் வெளியிட்டிருந்தார். ஆயின் அது பன்மொழிப் புலவர்களையும் ஒருங்கே தழுவியது. தமிழ்ப் புலவர்க்கென்றே தனி நூலாக அமைந்தது காசிச்செட்டியின் முயற்சியாகும். கிரேக்கரையும் உரோமரையும் இணை இணையாக நிறுத்தி வாழ்க்கை வரலாறு எழுதிய புளூட்டாக்கின் பெயரை இவர் தம் நூலுக்குச் சூட்டினார். ஒப்பிடும் முறையை இவர் மேற்கொள்ளவில்லை. பெயரை மட்டுமே கடன் கொண்டார். ஆயினும் அப்பெயருக்கு ஒரு கருத்துண்டு. கிரேக்கர்க்கும் உரோமர்க்கும் இருந்தது போலத் தமிழர்க்கும் பேணத்தக்க பெரியோர் வரிசை ஒன்றுண்டு என்பதை ஆங்கிலம் படித்த உலகத்துக்கு அப்பெயர் பறைசாற்றியது.

இனி, அவையில் எழும் வினாவுக்கு வருவோம். ஔவையார் என்னும் பெயரைக் காண்க. அதியமானுக்குத் தோழியாய் இருந்தவரும் ஔவையார்; கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் சோழன் அவையில் வாதிட்டாரெனக் கதை கூறுவதும் ஔவையாரையே. பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்தோரைக் கர்ணபரம்பரை ஒரே கூடத்தில் அமர்த்திவிடுகின்றது. திருவள்ளுவரை ஔவையார்க்கும் கபிலர்க்கும் உடன்பிறந்தாராக்கிய கதையும் இத்தகையதே. இவற்றை மறுப்பதற்கு வேண்டிய சான்றுகள் 1859இல் அச்சில் இருந்தனவா? பெரும்பாலும் இல்லை. எட்டுத்தொகை நூல்களுள் முதலில் அச்சேறியது கலித்தொகை, அதனைச் சி. வை. தாமோதரம்பிள்ளை பதிப்பித்த ஆண்டு 1887. உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை வெளியிட்டது 1894இல். அதியமானும் ஔவையாரும் உண்மையில் எவ்வுலகத்தவர் என்பதை அச்சிற் காட்டிய நூல் புறநானூறு. காசிச்செட்டியோ 1860ஆம் ஆண்டிலேயே இறந்தார்.

ஆகவே அவர்முன் இருந்த வழிகள் இரண்டே. சான்று கிடைக்கும் வரை எழுதாதிருத்தல் ஒன்று. கிடைத்ததைக் கிடைத்தவாறு தொகுத்து வைத்தல் மற்றொன்று. முதல் வழி பிழையற்றது. ஆயினும் அதற்குள் சொல்லுவோரும் ஏடுகளும் மறைந்திருக்கக் கூடும். இரண்டாம் வழியிற் பிழைகள் புகும். ஆயினும் பின்வருவோர் திருத்துவதற்கு ஒரு நூலாவது எஞ்சும். அவர் இரண்டாம் வழியைக் கொண்டார். காலக்கணக்கில் அவர் தவறிய இடங்கள் பல. அத்தவறுகளைக் கண்டு கூறும் வாய்ப்புப் பிற்காலத்தவர்க்குக் கிடைத்தது அந்நூல் இருந்தமையாலேயே ஆகும்.

மற்றொரு குறையுமுண்டு. தமிழ்ப் புலவர் வரலாறு ஆங்கிலத்தில் இருந்தமையால், அப்புலவர்களின் பாடல்களை நெஞ்சில் வைத்துப் போற்றிய மக்கள் அதனைப் படிக்க இயலாது போயினர். இக்குறையை நீக்கியவர் மானிப்பாயிற் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, ‘உதயதாரகை’ப் பத்திரிகையின் ஆசிரியராயும் விளங்கிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ஆவர். 1886இல் வெளிவந்த அவருடைய ‘பாவலர் சரித்திர தீபகம்’, காசிச்செட்டியின் நூலை அடியாகக் கொண்டு, புலவர் தொகையை ஏறத்தாழ இருமடங்காக்கித் தமிழிலேயே தந்தது. அவருக்குப் பின் சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் ‘தமிழ்ப் புலவர் சரித்திரம்’ இயற்றி இத்துறையை மேலும் வளம்படுத்தினார்.

இத்துறை முதிர்ச்சி பெற்ற நிலையைச் சாமிநாதையர் எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திரத்திற் காணலாம். ஆசிரியர் மறைந்தது 1876இல். மாணாக்கர் எழுதிய சரித்திரத்தின் இரு பாகங்களும் வெளிவந்தன 1933, 1934ஆம் ஆண்டுகளில். 1871 முதல் உடனிருந்து கண்டவற்றையும் கேட்டவற்றையும் அரை நூற்றாண்டுக்கு மேலாக மனத்திற் காத்து, கடிதங்களையும் செய்யுள்களையும் திரட்டி, ஒரே புலவரின் வாழ்வை முழுமையாக அவர் தீட்டினார். காசிச்செட்டி ஒரு புலவர்க்குச் சில வரிகள் ஒதுக்கினார். சாமிநாதையர் ஒருவர்க்கே இரு பாகங்கள் ஒதுக்கினார். முன்னவர் தேடியது பெயர்களை. பின்னவர் காட்டியது மனிதரை. முன்னவர் வகையில் வரிசை பிறந்திராவிடின், பின்னவர் வகையில் மனிதரைத் தேடும் ஆவலும் இத்துணை வளர்ந்திராது.

‘இவையெல்லாம் உண்மையில் நடந்தனவா?’ என்று கேட்போர்க்கு நேர்மையான சரித்திராசிரியர் கூறத்தக்க விடை இதுவாகும்: இது கண்டது; இது கேட்டது; இது கதையென வழங்குவது. இம்மூன்றையும் வேறுபிரித்துக் காட்டுபவரே நம்பத்தக்கவர். ஊர்தோறும் அம்மானையும் ஊஞ்சலும் அந்தாதியும் பாடி, அச்சேறாது மறைந்த புலவர்கள் பலர். அவர்களை நினைவிற் கொண்ட முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதி வைப்பவர் சிறு பிழை செய்தாலும் பெருந்தொண்டு செய்தவராவர். பிழையைப் பின்வருவோர் திருத்துவர். எழுதாது விட்டதை எவரும் திருத்த இயலாது.